கியர் விழாத காரும் உராய்வின் விதிகளும்

பழைய காரில் கியர் விழாமல் முரண்டு பிடித்தால் பழி நேராகக் கியர் பாக்ஸ் மேல் விழுகிறது. அதை இறக்கிப் பிரித்து, பல்சக்கரம் ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்து, குறை எதுவும் தெரியாமல் மறுபடி மாட்டுவார்கள். பிறகு கிளட்ச் கேபிளின் நட்டை நாலு சுற்று முறுக்கியதும் வண்டி சரியாகிவிடும். பட்டறைகளில் இது அபூர்வமான காட்சி அல்ல. கோளாறு ஓரிடத்தில் இருக்க, அறிகுறி இன்னோரிடத்தில் தெரிவது கிளட்ச், கியர் பாக்ஸ் என்ற ஜோடியின் இயல்பு. இரண்டும் சேர்ந்து செய்வது ஒரே வேலை. ஒன்று சுணங்கினால் மற்றது கத்தும்.

எது கெட்டிருக்கிறது என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சரியான வரிசையில் சில சோதனைகளைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு சோதனைக்கும் அடியில் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. அந்த விதி பிடிபட்டுவிட்டால் சோதனையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாமே புதிதாக ஒன்றை யோசித்துக்கூடச் செய்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கம் வரை தயாரான கார் இது. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜின் விசை முன்சக்கரங்களுக்கு, கேபிளால் இயங்கும் கிளட்ச், பெரும்பாலான வண்டிகளில் முன்னே போக நான்கு கியர். கட்டமைப்பு எளிமையானது என்பதால் இதில் கற்றுக்கொள்வது மற்ற பழைய கார்களுக்கும் பொருந்தும்.

இரண்டு பரப்புகளின் பிடி

பெட்ரோல் இன்ஜினால் நின்றபடி விசை தர முடியாது. ஐட்லிங்கிலேயே அது நிமிடத்துக்கு 800, 900 முறை சுழன்றுகொண்டிருக்க வேண்டும். புறப்படும் நேரத்தில் சக்கரமோ அசையாமல் நிற்கிறது. இந்த இரண்டையும் இணைக்க, முதலில் கொஞ்சம் வழுக்கி, பிறகு வழுக்காமல் பற்றிக்கொள்ளத் தெரிந்த ஓர் இணைப்பு வேண்டும். அதுதான் கிளட்ச்.

இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில், இரு முகத்திலும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். இது கியர் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டில் அமர்ந்திருக்கிறது. கால் பெடலில் இல்லாதபோது, டயஃப்ரம் ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு நெருக்கிப் பிடிக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கிறது, ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது, பிடி விடுகிறது.

எவ்வளவு பிடி வேண்டும்? 1699-ல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோன்தோன் எடுத்துரைத்த விதி இங்கே உதவுகிறது: உராய்வு விசை, பரப்புகள் எவ்வளவு அழுத்தப்படுகின்றன என்பதைப் பொறுத்தது, தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்தது அல்ல. மாருதி 800 இன்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 59 நியூட்டன் மீட்டர். லைனிங்கின் சராசரி ஆரம் 7 சென்டிமீட்டர், உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். பிடிக்கும் முகங்கள் இரண்டு. வகுத்துப் பார்த்தால் ஸ்பிரிங் குறைந்தது 1,400 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறக்குறைய 140 கிலோ பாரம் ஏற்றியதுபோல அழுத்த வேண்டும். தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் இடம் கொடுத்து இதைவிடக் கணிசமாக அதிகமாகவே வடிவமைப்பார்கள். நம் கால் அவ்வளவு சிரமப்படாததற்குக் காரணம் பெடல், நெம்புகோல், ஸ்பிரிங்கின் விரல்கள் என்று அடுத்தடுத்து வரும் நெம்புகோல்கள்.

இந்தக் கணக்கு ஒரு தவறான நம்பிக்கையையும் நீக்குகிறது. லைனிங் மெலிந்துவிட்டது என்பதாலேயே கிளட்ச் வழுக்காது. அழுத்தமும் உராய்வெண்ணும் குறையாதவரை மெல்லிய லைனிங்கும் அதே அளவு முறுக்குவிசையைக் கடத்தும். வழுக்குகிறது என்றால் அந்த இரண்டில் ஒன்று குறைந்திருக்கிறது. ஆயில் கசிந்து லைனிங்கில் ஊறி உராய்வெண் 0.3-லிருந்து 0.1-க்கு இறங்கினால், அதே ஸ்பிரிங்கும் அதே பிளேட்டும் கடத்தக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான்.

மேலே பிடித்தால் ஒன்று, கீழே பிடித்தால் இன்னொன்று

கிளட்சுக்கு வரும் அடிப்படை நோய்கள் இரண்டு. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது ஒன்று. இதைத்தான் ஸ்லிப் ஆகிறது என்கிறார்கள். விட வேண்டிய நேரத்தில் விடாதது இன்னொன்று. இரண்டும் நேர் எதிரானவை; ஒன்றுக்கான வைத்தியம் மற்றதை மோசமாக்கும். அதனால் முதலில் இவற்றைப் பிரித்தறிய வேண்டும். பெடலே அதற்கு வழி காட்டுகிறது.

பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் சிறிது தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும். பிறகு கனம் தெரியும். அந்தத் தொடக்க தூரத்தை மெக்கானிக்குகள் பிளே என்பார்கள். கேபிள் கிளட்ச் உள்ள சிறு கார்களில் இது பொதுவாக 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ளுங்கள். ரிலீஸ் பேரிங்குக்கும் ஸ்பிரிங்கின் விரல்களுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளிதான் பெடலில் இப்படிப் பெருகித் தெரிகிறது.

லைனிங் தேயத் தேயப் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது. நடுவில் தாங்கப்பட்ட ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. எனவே தேய்மானம் கூடும்போது பிளே குறைகிறது, கிளட்ச் பெடலின் மேல்மட்டத்தில் பிடிக்கத் தொடங்குகிறது. பிளே முற்றிலும் தீர்ந்துபோனால், யாரும் பெடலை மிதிக்காமலே ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும். 140 கிலோ என்று கணக்கிட்ட அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி பறிபோகிறது, கிளட்ச் வழுக்குகிறது, வழுக்கும் சூட்டில் லைனிங் இன்னும் வேகமாகத் தேய்கிறது. நட்டைத் தளர்த்திப் பிளேயைத் திருப்பிக் கொடுத்தால், லைனிங் இன்னும் மிச்சமிருக்கும் வண்டி அன்றே குணமாகும்.

கேபிள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இழுபட்டு அது நீள்கிறது. உள்ளே ஓரிரு இழைகள் அறுந்தாலும் இன்னும் நீள்கிறது. பிளே கூடுகிறது, கிளட்ச் தரைக்குப் பக்கத்தில் பிடிக்கிறது. பெடலை முழுக்க மிதித்தாலும் ரிலீஸ் பேரிங் போதுமான தூரம் நகர்வதில்லை. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை உரசியபடியே சுழல்கிறது. இதுதான் விடாத கிளட்ச். இதற்கு நட்டை இறுக்க வேண்டும். இழை அறுந்திருந்தால் இறுக்கியும் பயனில்லை. கேபிளையே மாற்ற வேண்டும். கேபிள் விலை குறைவு, வேலையும் சிறிது. பெடலுக்கு அடியில் தரைவிரிப்பு சுருண்டு கிடந்து, பெடல் கடைசிவரை போகாமல் தடுப்பதும் இதே அறிகுறியைத் தரும். முதலில் அதைக் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிளின் இடத்தில் திரவம் இருக்கிறது. திரவம் அழுந்தாது, காற்று அழுந்தும். குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தால் பெடலின் பயணம் அதை அமுக்குவதிலேயே வீணாகிறது. பெடலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பிறகு மட்டும் கியர் விழுந்தால், காற்றையோ மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இவற்றின் ரப்பர் வாஷர்களையோ சந்தேகிக்கலாம்.

கியர் விழுவது என்றால் என்ன

கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் விலகிச் சேர்கின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். முன்னே போகும் கியர்களில் அப்படி இல்லை. எல்லா ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின் மேல் தளர்வாகச் சுற்றுகிறது. கியர் ராடை நகர்த்தும்போது, உள்ளே ஒரு வளையம் நகர்ந்து அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்குச் சிறு பற்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் பற்கள் சத்தமில்லாமல் நுழையும்; வேகம் வேறுபட்டால் மோதிக் கரகரக்கும்.

வேக வித்தியாசம் எவ்வளவு? இரண்டாம் கியரின் விகிதம் 2.1, மூன்றாம் கியருடையது 1.3 என்று கொள்வோம். இரண்டாம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருக்கும்போது மூன்றாவதுக்கு மாற்றினால், அதே சாலை வேகத்துக்கு உள்ளீட்டுத் தண்டு ஏறக்குறைய 1,860 சுற்றில் இருக்க வேண்டும். அரை விநாடிக்குள் 1,100 சுற்றுகளுக்கும் மேல் குறைந்தாக வேண்டும். அதைச் செய்வது சிங்க்ரோ ரிங் என்ற சிறிய பித்தளை வளையம். கூம்பு வடிவ உட்புறத்தால் அது சக்கரத்தின் கூம்பைப் பற்றி உராய்ந்து, வேகங்களைச் சமமாக்கிய பிறகே பற்களை உள்ளே விடுகிறது. ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் முதலில் அதன் வேகத்துக்கு ஓடிவிட்டுப் படியில் கால் வைப்பது போன்ற ஏற்பாடு இது. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இந்த முறையைக் கெடிலாக் கார்கள் 1928-ல் அறிமுகப்படுத்தின. அதற்கு முன் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வேகத்தைப் பொருத்துவது ஓட்டுநரின் வேலையாக இருந்தது. நம் ஊர் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று பழகிவைத்த வித்தை அதுதான்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, கீழ்க் கியருக்கு என்றால் ஒரு தட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியர் போடுவது.

சிங்க்ரோ ரிங்கின் தோளில் இருப்பது கிளட்ச் பிளேட்டும் உள்ளீட்டுத் தண்டும் மட்டுமே. அவை இலேசானவை, அரை விநாடி போதும். ஆனால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையே எதிர்த்து அந்தச் சிறு வளையம் பிரேக் போட வேண்டியிருக்கிறது. அது தோற்றுப்போகிறது, கியர் கத்துகிறது, வளையம் தேய்கிறது. கேபிளைச் சரிசெய்யாமல் பல மாதம் ஓட்டியவர் கடைசியில் கியர் பாக்ஸுக்கும் செலவு செய்ய நேர்வது இப்படித்தான். கிளட்சை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

நான்கு சோதனைகள்

முதல் சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் நின்று ஒரு கியர் தடுத்தால், வண்டியை இலேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாம் விழுந்து, ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் விழவில்லை என்றால் கிளட்ச் விடவில்லை. இன்ஜின் நின்றிருக்கும்போதும் விழவில்லை என்றால் கோளாறு கியர் ராடிலிருந்து பெட்டிவரை செல்லும் இணைப்பிலோ உள்ளே அந்த வளையத்தை நகர்த்தும் ஃபோர்க்கிலோ இருக்கிறது. மாருதி 800 போன்ற கார்களில் இந்த இணைப்பு, புஷ்கள் கோத்த கம்பி. ஒவ்வொரு புஷ்ஷிலும் தேய்மானம் ஒரு மில்லிமீட்டர் என்றாலும், கூட்டுத்தொகை கியர் ராடின் நுனியில் பெரிய ஆட்டமாகத் தெரியும். ராடு தொளதொளவென்று ஆடினால் புஷ்களை மாற்றிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

இரண்டாவது சோதனைக்கு ரிவர்ஸ் கியர் உதவும். பெரும்பாலான பழைய சிறு கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. ஆகவே அது எதையும் மறைக்காது. வண்டி நிற்க, இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து ஐந்தாறு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். உடனே போட்டால் கரகரத்து, காத்திருந்து போட்டால் அமைதியாக விழுகிறது என்றால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. சுழன்றுகொண்டிருந்த தண்டு நிற்க அந்த நேரம் தேவைப்பட்டது. காத்திருந்தும் கரகரத்தால், மிதித்த நிலையிலும் இன்ஜின் அந்தத் தண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, பிடியைச் சோதிப்பது. ஆளில்லாத சமதளச் சாலையில் மேல் கியரில் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் திணறினாலும் வேகம் மெல்ல ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. இன்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப். மேல் கியரில் இது முதலில் வெளிப்படக் காரணம், அப்போதுதான் சக்கரத்தின் சுமை அதிகம் குறையாமல் கிளட்சுக்கு வந்து சேர்கிறது.

நான்காவது, எந்தக் கியர் என்று கவனிப்பது. எல்லாக் கியரும் சிரமம் தந்தால் காரணம் பொதுவானது: கிளட்ச், இணைப்பு, ஆயில். ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வண்டி ஓடும்போது மட்டும் கத்தினால், அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதிப்படுத்த டபுள் கிளட்ச் செய்து பாருங்கள். வளையத்தின் வேலையை நீங்கள் செய்துகொடுத்ததும் கியர் அமைதியாக விழுந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

போட்ட கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வருவது வேறு வகை. பூட்டும் பற்களின் ஓரம் மழுங்குவது, நிலையைப் பிடித்துவைக்கும் பந்தின் ஸ்பிரிங் தளர்வது, ஃபோர்க் தேய்வது ஆகியவை உள்காரணங்கள். முன்சக்கர ஓட்டக் கார்களில் வெளிக்காரணம் ஒன்றும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எதிர்வினையால் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்தே அசைகின்றன. அவற்றைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் அந்த அசைவு பெரிதாகி, கம்பி வழியாகக் கியரையே வெளியே இழுத்துவிடும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும்.

காதும் மூக்கும்

நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது கால் பெடலில் இல்லாத நிலையில் ஒரு இரைச்சல் கேட்டு, மிதித்ததும் நின்றால், அது உள்ளீட்டுத் தண்டின் பேரிங். மிதித்தால் தண்டு நின்றுவிடுகிறது, சத்தமும் நிற்கிறது. மிதித்தால் மட்டும் கீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். சுமை அப்போதுதான் அதன்மேல் ஏறுகிறது. புறப்படும்போது வண்டி தடதடவென்று உதறினால் பிடி விட்டுவிட்டு விழுகிறது: ஆயில் பட்ட லைனிங், சூட்டில் திட்டுத் திட்டாக நீலம் பாரித்த ஃப்ளைவீல், அல்லது தளர்ந்த மவுண்டிங்.

கிளட்ச் கூடத்தின் அடியில் ஆயில் சொட்டினால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கலந்த கந்தகச் சேர்மங்கள் குப்பென்ற நெடி தரும். அப்படியென்றால் உள்ளீட்டுத் தண்டின் ஆயில் சீல் போயிருக்கிறது. நெடி இல்லாத கருப்பு ஆயில் என்றால் கிராங்க் தண்டின் பின்புற சீல். எதுவாக இருந்தாலும் ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டக் கூடாது. சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும்.

கியர் ஆயிலின் தரமும் முக்கியம். ஜிஎல்-5 ஆயில் ஜிஎல்-4-ஐவிட உயர்ந்தது என்று எண்ணி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பற்களைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். ஆனால் சிங்க்ரோ ரிங் வேலை செய்வதே உராய்வால்; வழுக்கல் கூடினால் வேகங்கள் சமமாக நேரம் பிடிக்கும். சில சேர்மங்கள் பித்தளையையும் அரிக்கும். கையேடு கேட்கும் வகையை மட்டுமே ஊற்றுங்கள். ஆயிலை வடிக்கும்போது மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் அது ரிங்கின் பித்தளை. வெள்ளைச் சில்லுகள் தெரிந்தால் பற்களின் எஃகு.

சூட்டின் கணக்கு

கிளட்சின் ஆயுளைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அல்ல, சூடு. 650 கிலோ காரில் 200 கிலோ ஆட்களும் சாமானுமாக, முதல் கியரில் புறப்பட்டு மணிக்கு 10 கிலோமீட்டரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றலாக வண்டி பெறுவது சுமார் 3,300 ஜூல். ஏறக்குறைய அதே அளவு கிளட்சில் வெப்பமாகிறது. இரண்டாம் கியரில் புறப்பட்டால், அதே இன்ஜின் சுற்றுக்குப் பிடிக்கும் வேகம் 1.65 மடங்காகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வெப்பம் 2.7 மடங்கு.

மேட்டில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிற்பது இதைவிடக் கொடுமை. பத்துக்கு ஒன்று சரிவில், 1,500 சுற்றில் இப்படி நின்றால் கிளட்சில் விநாடிக்கு ஏறக்குறைய 2,000 ஜூல் வெப்பம் உண்டாகிறது. இரண்டே விநாடியில் ஒருமுறை புறப்படும் சூட்டைத் தாண்டிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முன்வண்டிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் கைப்பிரேக்கை இழுப்பவரின் கிளட்ச் பல ஆண்டு கூடுதலாக வாழும்.

பிரிக்க வேண்டி வந்தால்

எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றால், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். சீல்களையும் அப்போதே மாற்றிவிடலாம். ஃப்ளைவீலில் கோடும் திட்டும் இருந்தால் லேத்தில் சீராக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை எந்தப் பட்டறையும் அலட்சியம் செய்யக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பட்டது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்கிறது. நோய் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கிளட்ச் கூடத்தில் படிந்த தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது, அதைப் பட்டறையில் இருக்கும் எல்லோரின் நுரையீரலுக்கும் அனுப்புவதாகும். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பயிற்சிக்கு வந்திருக்கும் சிறுவர்களை அந்த நேரத்தில் அருகில் நிறுத்தக் கூடாது.

வண்டியைப் பட்டறையில் விடும்போது வெறுமனே கியர் சரியில்லை என்று சொல்வது மெக்கானிக்குக்குப் போதாது. இன்ஜின் நிறுத்தினால் எல்லாம் விழுகிறது, ரிவர்ஸ் கரகரக்கவில்லை, இரண்டாம் கியர் மட்டும் ஓட்டத்தில் கத்துகிறது, டபுள் கிளட்ச் செய்தால் கத்தவில்லை என்று நான்கு வரி சொல்லுங்கள். எந்த ரிங்கை வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.